டோக்கன் வாங்காத செருப்புகள்

தலைவர் மாளிகைக்குள் யாரும் செருப்புடன் போகக் கூடாது. வாசலில் செருப்பை வாங்கி வைத்து டோக்கன் கொடுப்பது என் வேலை. வாசலில் எத்தனை ஜோடி கிடக்கிறதோ, உள்ளே அத்தனை பேர். அரசாங்கக் கணக்கு அதுதான்.

தெருவில் நிற்பதைச் சென்ற மாதம் தடை செய்தார்கள். வாயை மூடிக்கொண்டு நிற்பதும் குற்றம். நின்றவர்களைக் கொண்டுபோனார்கள். எவரும் திரும்பவில்லை.

திங்கட்கிழமை காலை ஒரு ஜோடி செருப்பு மட்டும் வந்து நின்றது. டோக்கன் வாங்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. இந்த ஊரில் யாருக்குத்தான் ஒழுங்கு தெரிகிறது? குனிந்து பார்த்தேன். இடது வாரில் ஓர் ஊக்கு. ஞாயிற்றுக்கிழமை நான்தான் அதைக் குத்திக் கொடுத்தேன். என் மகள் ஜெசிந்தாவின் செருப்பு.

வீட்டுக்கு ஓடினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“எதுக்குடி அங்க விட்ட?”

“நாமதானப்பா நிக்கக் கூடாது? செருப்பு நிக்கட்டும்.”

“உன்னத் தூக்கிட்டுப் போயிருவாங்கடி பாவி!”

“அவங்க கணக்குல நான் உள்ளதான இருக்கேன்,” என்று ரசம் ஊற்றிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை நாற்பது ஜோடி. புதன்கிழமை தெரு நிறைந்தது. வியாழக்கிழமை வெளியூர்ச் செருப்புகள் பேருந்தில் வந்து இறங்கின. கண்டக்டர் பார்த்து இறங்கச் சொன்னார். சிலவற்றில் வயல் சேறு காயவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தின் கறுப்பு ஷூக்கள் உயரப்படி வரிசையில் வந்தன. வெள்ளிக்கிழமை, நாட்டில் யார் காலிலும் செருப்பு இல்லை என்று வானொலியில் சொன்னார்கள்.

தலைவர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் பூபாலன் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“உள்ள இருக்கிற எல்லாரையும் வெளிய அனுப்பச் சொல்றாரு.”

“உள்ள யாருமே இல்ல சார்.”

“செருப்பு கெடக்குல்ல?”

“கெடக்கு.”

“அப்புறம்?”

டோக்கன்களை எடுத்து எண்ணத் தொடங்கினேன்.

போலீஸ்காரர்கள் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுத் தேடப் போனார்கள். தேடத் தேடத் தாழ்வாரங்கள் நீண்டன. பிறகு ராணுவம் போனது. எவரும் திரும்பவில்லை. வாசலில் பூட்ஸ் சேரச் சேர, தலைவரின் பயமும் கூடியது. மாடியில் ஜன்னல்களைச் சாத்தும் சத்தம் கேட்டது.

பூபாலன் ஊக்கு குத்திய செருப்பைத் தூக்கிக் காட்டினார்.

“மொத ஜோடி இதுதானாமே. ஆளப் பிடிச்சா எல்லாம் அடங்கிரும். யாருது?”

“என்னுது சார்.”

“இது பொம்பளப் பிள்ள செருப்புய்யா. போடு பாப்போம்.”

செருப்பு ஐந்தாம் நம்பர். என் கால் ஒன்பது. போட்டேன். கச்சிதமாக இருந்தது.

வாசல் பெருக்கும் பேச்சிமுத்து துடைப்பத்தைச் சாய்த்து வைத்தார். “எனக்கும் சேரும் சார்.”

அவருக்கும் சேர்ந்தது. பூபாலன் பூட்ஸைக் கழற்றித் தன் காலை நுழைத்துப் பார்த்தார். அவருக்கும் சேர்ந்தது. அவர் முகம் வெளுத்தது. செருப்பை உதறிவிட்டு, பூட்ஸை எடுக்காமலே உள்ளே போய்விட்டார்.

பயம் தாங்காமல், மகளைப் பார்த்து வரச் சொல்லிப் பேச்சிமுத்துவை என் வீட்டுக்கு அனுப்பினேன். தட்டில் ரசம் சோறு பாதி இருக்கிறது, பிள்ளையைக் காணோம் என்று திரும்பி வந்தார். இரவெல்லாம் அழுதேன்.

சனிக்கிழமை மதியம் தலைவரே வாசலுக்கு வந்தார். வெறுங்கால். படிக்கல் கொதித்தது. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

“என் செருப்பு எங்கய்யா? நான் வெளிய போகணும்.”

அது கோடி ஜோடிக்குள் எங்கோ கிடந்தது.

“டோக்கன் குடுங்கய்யா.”

“நான் யாருன்னு தெரியுமா?”

தெரியும். தேடிக் கொடுத்தால் பிள்ளையை விட்டுவிடுவாரோ என்றுகூட நினைத்தேன்.

அவருக்குப் பின்னால், இருட்டுத் தாழ்வாரத்தில், யாரோ இருமினார்கள். ஒருவர் அல்ல. ஒரு பெருங்கூட்டம் தொண்டையைச் செருமியது.

“அப்பா,” என்றது என் மகளின் குரல். “டோக்கன் இல்லாம குடுத்துராத.”