குரல் நின்ற கடை

ஆனிக்கு வேலை எதுவும் இல்லை என்றுதான் பிளாக்கில் எல்லோரும் நினைத்தார்கள். புருஷன் கிளமென்ட் அனல் மின் நிலையத்தில் பர்மனென்ட். கல்யாணத்துக்கு முன்னால் அவள் சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தவள். நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது அதை விட்டுவிட்டு வந்தாள். கிளமென்ட் முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பியதும் கதவைச் சாத்திவிட்டு, சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மதியமாகிவிடும். என்ன செய்கிறாய் என்று பக்கத்து வீட்டில் கேட்டால், "சும்மா, கம்ப்யூட்டர்ல ஏதோ" என்று சிரித்துவிடுவாள். விளக்கப் போனால் நீளும்.

பல நாட்டுக்காரர்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து நடத்துகிற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்று. அதைப் போட்டுக்கொள்கிறவர்களுக்கு வேண்டிய மென்பொருள்கள் எல்லாம் ஒரே களஞ்சியத்தில் தயாராக இருக்கும், கேட்டால் வந்து இறங்கும். அதில் லைப்ரரிகள் என்று ஒரு வகை உண்டு. மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும் நிரல் தொகுப்புகள் அவை. சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாயைப் போல, கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதை நம்பித்தான் எல்லாம். புதிய லைப்ரரி வந்தால் களஞ்சியத்தில் சேர்ப்பது, பழையதற்குப் புது வெர்ஷன் வந்தால் மாற்றுவது, மாற்றியபின் அதை நம்பியிருக்கும் புரோகிராம்கள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்ப்பது, இவைதான் ஆனியின் வேலை. தமிழ்நாடே மின்வெட்டில் வெந்த வருடங்களில்கூட டவுன்ஷிப்பில் கரண்ட் நின்றதில்லை. அதனால், தயாராவதற்குக் கம்ப்யூட்டர் மணிக்கணக்கில் நிற்காமல் ஓட வேண்டிய, மற்றவர்கள் தொடத் தயங்கிய பெரிய லைப்ரரிகளையெல்லாம் அவள் எடுத்துக்கொண்டாள்.

ஒரே ஒரு குறை. அவள் செய்து முடித்ததைக் களஞ்சியத்தில் நேராகச் சேர்க்க அவளுக்கு அனுமதி கிடையாது. போலந்தில் இருக்கும் மாரெக் என்பவர் பார்த்துச் சரி சொல்லிச் சேர்க்க வேண்டும். அந்த அனுமதி தன் பெயருக்கு வர வேண்டும் என்பதுதான் ஆனியின் ஆசை. சென்னையில் விட்டுவிட்டு வந்த வேலைக்குப் பதிலாகத் தனக்கென்று ஒன்று.

டவுன்ஷிப் நுழைவாயிலான ஆர்ச் கேட் பக்கம் தெய்வசிகாமணி ஒரு சின்ன டைப்பிங் கடை வைத்திருந்தார். கம்மாபுரம் பக்கத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர். கண்ணில் பிரஷர் என்று டாக்டர்கள் சொன்னபோதே பாதிப் பார்வை போயிருந்தது, இரண்டு வருடத்தில் மீதியும் போய்விட்டது. கடையைக் காலி செய்யப் போகிறார் என்று கேள்விப்பட்டபோது ஆனிதான் ஒருநாள் போய், அங்கிருந்த பழைய கம்ப்யூட்டரில் தான் வேலை பார்க்கும் அந்த இலவச சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்தாள். கூடவே களஞ்சியத்தில் இருந்த ஒரு தமிழ் வாசிப்பு புரோகிராமையும் போட்டாள். பாண்டிச்சேரியில் ஒரு கல்லூரி மாணவன் எழுதியது. எந்தப் பட்டனை அமுக்கினாலும் அந்த எழுத்தைச் சொல்லும், வரி முடிந்தால் முழு வரியையும் வாசித்துக் காட்டும்.

"ஜலதோஷம் புடிச்ச ஆளு மாதிரி பேசறாரும்மா" என்று தெய்வசிகாமணி முதல் நாளே சிரித்தார். "பரவால்ல, நம்ம ஆளு. மூக்கடைப்பு ஒருநா சரியாப் பூடும்."

பழைய டைப்பிஸ்ட். விரல்களுக்கு எழுத்து தெரியும். ஆறு மாதத்தில் கடை மறுபடி நடந்தது. சுரங்கத்துக்கு நிலம் எடுத்த நஷ்ட ஈடு, முதியோர் பென்ஷன், பட்டா மாற்றம் என்று மனு எழுதுவதற்காகக் கிராமத்து ஜனம் அவரைத் தேடி வந்தது. அவர்கள் சொல்லச் சொல்ல அவர் தட்டுவார், மூக்கடைத்த குரல் திருப்பி வாசிக்கும், எதிரில் நிற்பவர் "ஆமாங்க, அதான்" என்பார். ஆனி அதை நின்று கேட்டுவிட்டு வருவாள். அந்தக் கடையில்தான் தன் வேலை எங்கே போய்ச் சேருகிறது என்பதை அவளால் கண்ணால் பார்க்க முடிந்தது.

வாரா வாரம் அந்தக் கம்ப்யூட்டர் தானாகவே அப்டேட் ஆகும்படி வைத்துக் கொடுத்ததும் அவள்தான். "பழசையே வெச்சிக்கிட்டு இருந்தா ஆபத்துண்ணே" என்று சொல்லியிருந்தாள்.

2015-ஆம் வருடம் மழைக்காலத்துக்கு முன்னால், ஒலி சம்பந்தப்பட்ட பெரிய லைப்ரரி ஒன்றுக்குப் புது வெர்ஷன் வந்தது. பழையதில் இருந்த பல வசதிகளை அதை எழுதியவர்கள் தூக்கிவிட்டார்கள். களஞ்சியத்தின் விதிப்படி ஒரு லைப்ரரிக்கு ஒரு வெர்ஷன்தான் இருக்கலாம். அதை மாற்றினால் அதை நம்பியிருக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட புரோகிராம்களைச் சரிபார்க்க வேண்டும். யாரும் முன்வரவில்லை. மாரெக் அவளுக்கு எழுதினார்: சிஸ்டத்தின் அடுத்த வெளியீட்டுக்கு முன்னால் இதை நீ முடித்துக் கொடுத்தால், உனக்கு நேரடி அனுமதி கொடுக்கச் சொல்லி நானே கேட்கிறேன்.

ஆனி ராப்பகலாக அதிலேயே கிடந்தாள். சோறு குழைந்தது, துணி காயப்போட மறந்தது. கிளமென்ட் தானே காபி போட்டுக் குடித்தான். ஒவ்வொன்றாகச் சரியாகி வந்து, கடைசியில் ஒன்றே ஒன்று முரண்டு பிடித்தது. அந்தத் தமிழ் வாசிப்பு புரோகிராம்.

தூக்கிவிட்ட வசதிகளை நம்பித்தான் அது பேசியது. அதை எழுதிய மாணவன் படிப்பு முடிந்து எங்கேயோ போய்விட்டான், மெயிலுக்குப் பதில் இல்லை. தானே உட்கார்ந்து திருத்தினால் பத்துப் பதினைந்து நாள் பிடிக்கும். வெளியீட்டுக்கு அவ்வளவு நாள் இல்லை.

"ஓடவில்லை என்று குறித்துவிடு. ஒன்றுக்காக நூறு காத்திருக்க முடியாது. யாருக்காவது வேண்டுமென்றால் கேட்பார்கள்" என்று மாரெக் எழுதினார்.

அவர் சொன்னதில் தவறில்லை. அவருக்கு ஆர்ச் கேட் தெரியாது. ஆனிக்குத் தெரியும். ஆனாலும் அவள் அந்தப் புரோகிராமின் பெயருக்கு எதிரே 'ஓடவில்லை' என்று குறித்து அனுப்பினாள். அப்படிக் குறித்தால் அடுத்த அப்டேட்டில் அது எல்லாருடைய கம்ப்யூட்டரிலிருந்தும் நீங்கிவிடும்.

கடைக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். ஒருநாள் காய்கறி வாங்கப் போனபோது அந்த வழியாகவே நடந்தாள். கடையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து அந்தக் குரல் யாருடைய பட்டா எண்ணையோ வாசித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு பேர் இருக்கும்போது எதற்கு, நாளைக்கு வரலாம் என்று திரும்பிவிட்டாள். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது.

அந்த வருடத்து மழையை அந்தப் பக்கத்து ஜனம் மறக்காது. கடலூர் மாவட்டமே தண்ணீரில் நின்றது. டவுன்ஷிப் ரோடுகளில் மரம் சாய்ந்து கிடந்தது. அந்த மழைக்கு நடுவில்தான் புதிய வெளியீடு வந்தது, அதே வாரத்தில் ஆனிக்கு நேரடி அனுமதியும் வந்தது. கிளமென்ட் நனைந்துகொண்டே போய் கேக் வாங்கி வந்தான். வெட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. தெய்வசிகாமணி.

ஆனி திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"யாரு?" என்றான் கிளமென்ட்.

"டைப்பிங் கடை அண்ணன். அப்புறம் பேசிக்கிறேன்."

திருத்தி முடித்துவிட்டுப் பேசலாம் என்று நினைத்தாள். வெறுங்கையோடு என்ன சொல்வது? மறுநாளும் அடித்தது. அதற்கடுத்த நாளும். புது அனுமதியோடு புது வேலைகளும் வந்து குவிந்திருந்தன, ஒவ்வொன்றும் அவசரம். பிறகு போன் வருவது நின்றது. நின்றபோது அவளுக்கு மனசு லேசாக இருந்தது. பின்னால் நினைத்து நினைத்து அவள் கூசிப்போனது அதற்காகத்தான்.

பொங்கல் கழிந்து ஒருநாள் அவள் ஆர்ச் கேட்டுக்குப் போனாள். கடையில் செல்போன் கவர்கள் தொங்கின.

"அவரு காலி பண்ணிட்டாருங்க" என்றார் புதுக் கடைக்காரர். "சம்சாரத்து ஊருக்குப் போயிட்டாங்க. குள்ளஞ்சாவடிக்குப் பக்கத்துல."

வடலூரில் பஸ் மாறி, குள்ளஞ்சாவடியில் இறங்கி, விசாரித்துக்கொண்டே போனாள். ஷீட் போட்ட வீடு. முன்னால் முந்திரிக்கொட்டை குவிந்து கிடந்தது. தெய்வசிகாமணியும் அவர் மனைவி தனகோட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு தட்டில் சாம்பல். கொட்டையின் எண்ணெய் தோலை அரிக்காமலிருக்க அதில் விரலைத் தோய்த்துக்கொள்வார்கள். அப்படியும் அவர் விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்திருந்தது.

"அண்ணே" என்றாள்.

"ஆனியா? வாம்மா, வா. தனகோட்டி, பாய் எடுத்துப் போடு." முகம் மலர்ந்தது. "மழையில உங்க வூட்டுக்கு ஒண்ணும் ஆவலியே? மரமெல்லாம் வுழுந்துச்சின்னாங்களே?"

"ஒண்ணும் இல்லண்ணே."

"போன் பண்ணேன். வேலையா இருந்திருப்ப." குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். "நம்ம ஆளு திடீர்னு பேச்ச நிறுத்திட்டாரும்மா. நான்தான் எதையோ தப்பா அமுக்கித் தொலைச்சிட்டேன். ஒவ்வொரு பட்டனா அமுக்கிப் பாத்துகினே இருந்தேன். வாயத் தொறக்கல. தெரிஞ்சவர் ஒருத்தரைக் கூப்ட்டு வந்து காமிச்சேன். இந்த சிஸ்டமே எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டு வேற என்னமோ போட்டாரு. அதுல இங்கிலீஷு பேசிச்சி, தமிழு பேசல."

தனகோட்டி கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தாள். "வெள்ள நிவாரணத்துக்கு மனு எழுத அவ்ளோ ஜனம் வந்து நின்னுது கண்ணு. தண்ணியில வந்துச்சிங்க. என்னால முடியலன்னு ஒவ்வொருத்தர் கிட்டயும் சொல்லி அனுப்பனாரு. அதுக்கப்புறம் ஒருத்தரும் வரல. கண்ணு போனப்பகூட இவரு அழல. அந்தப் பொட்டி எதிர்ல உக்காந்து அழுதாரு."

"சும்மா இரு நீ" என்றார் அவர்.

ஆனி வரும் வழியெல்லாம் வேறு விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள். இப்போது அதெல்லாம் நினைவுக்கு வரவில்லை.

"நீங்க ஒண்ணும் தப்பா அமுக்கலண்ணே. நான்தான் எடுத்தேன்."

எது எப்படி நடந்தது என்று சொன்னாள். அனுமதி கிடைத்ததையும் சொன்னாள். போன் அடித்தபோது பார்த்துக்கொண்டே நின்றதையும். தனகோட்டி அவளையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு நின்னுடும்னு உனக்குத் தெரியுமா?" என்று கடைசியில் தெய்வசிகாமணி கேட்டார்.

"தெரியும்ணே."

"அதுக்கு ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதா?"

"முடியும். உங்க மிஷின்ல மட்டும் பழசே இருக்கட்டும்னு நிறுத்தி வெச்சிருக்கலாம். ஒரு வரி அடிச்சா போதும்."

"ஒரே வரியா?"

"ஒரே வரிதாண்ணே."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். குவியலில் கையைவிட்டு ஒரு கொட்டையை எடுத்து, கல்லின் மேல் வைத்து, தட்டினார். பருப்பு முழுசாக வந்தது.

"உனக்கு அந்த வேல கெடச்சிதுல்ல, நல்லதும்மா" என்றார். அதை அவர் மனசாரச் சொன்னார் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாளே ஆனி வேறு எதையும் தொடாமல் அந்தப் புரோகிராமைத் திருத்த உட்கார்ந்தாள். பன்னிரண்டு நாளில் முடிந்துவிட்டது. அவள் பயந்த அளவுக்கு அதில் வேலையும் இல்லை. களஞ்சியத்தில் திரும்பச் சேர்த்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், ஈப்போவிலிருந்து ஒரு ஆசிரியை, நன்றி சொல்லி எழுதினார்கள். இத்தனை நாள் இவர்களும் குரல் இல்லாமல்தான் இருந்திருக்கிறார்கள், ஒருவரும் கேட்டு எழுதவில்லை. அதற்குப் பிறகு எதையும் 'ஓடவில்லை' என்று குறிக்கும் முன், இது யாருக்காவது வேண்டுமா என்று பொதுவில் கேட்டுவிட்டுக் காத்திருப்பது அவள் வழக்கமாயிற்று. நீ ரொம்ப மெதுவாகிவிட்டாய் என்று மாரெக் வேடிக்கையாகச் சொல்லிக் காட்டினார்.

மாசி மாதம் ஒரு லேப்டாப்பில் எல்லாவற்றையும் போட்டு எடுத்துக்கொண்டு மறுபடி குள்ளஞ்சாவடிக்குப் போனாள். தெய்வசிகாமணி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். விரல்கள் தாமாகவே இடம் பிடித்தன. தன் பெயரை அடித்தார். குரல் அதை வாசித்தது.

"அட, மூக்கடைப்பு போயிடுச்சே!" என்று சிரித்தார். மனைவி பெயரை அடித்துக் கேட்டார். 'மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு' என்று அடித்துக் கேட்டார். கொஞ்ச நேரம் அப்படியே கையை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, லேப்டாப்பை மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினார்.

"இங்கயே வெச்சிக்கோங்கண்ணே. கடைக்கு எடம் நான் பாக்கறேன். கிளமென்ட்டும் சொன்னாரு."

"இது திரும்ப ஊமையாவாதுன்னு உன்னால சொல்ல முடியுமா?"

தன் கையில் இருக்கும் வரைக்கும் ஆகாது என்று ஆனி சொல்லலாம். ஆனால் அதற்குக் கீழே இருக்கும் லைப்ரரிகளை யாரோ எங்கேயோ மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

"நான் பாத்துக்குவேன்" என்றாள்.

"பாத்துக்குவ. இல்லன்னு சொல்லல. ஆனா ஜனத்த இன்னொரு தடவ வெறுங்கையோட அனுப்ப என்னால ஆவாதும்மா." கையைச் சாம்பலில் தோய்த்துக்கொண்டார். "மோர் குடிச்சிட்டுப் போ. வெயிலு ஏறிடுச்சி."

பஸ் நிறுத்தம் வரைக்கும் தனகோட்டி கூட வந்தாள். போன தடவை இருந்த கோபம் அவள் முகத்தில் இல்லை. ரோட்டோரத்துப் புளியமரத்து நிழலில் நின்று, பஸ் வருகிறதா என்று கடலூர்ப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"தப்பா நெனச்சிக்காத கண்ணு. நீ வரணும்னா வா. அந்தப் பொட்டிய மட்டும் எடுத்துகினு வராத. போன தடவ நீ பேசிட்டுப் போனதுக்கே ரெண்டு நாளு வெறும் தரையில விரல வெச்சி தட்டிகினே கெடந்தாரு. பக்கத்துல உக்காந்து பாக்க முடியல."

"சரிக்கா" என்றாள் ஆனி.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து, லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். கண்டக்டரிடம் வடலூருக்கு ஒரு டிக்கெட் கேட்டாள்.