முதுகைக் காட்டி நின்ற கூட்டம்

பெண்ணும் பெண்ணும், ஆணும் ஆணும் பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம் என்று சட்டம் வந்ததிலிருந்து எங்கள் பிரார்த்தனைக் குழுவுக்குச் சனிக்கிழமை ஓய்வு போயிற்று. பதிவு அலுவலகத்துக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் வரிசையாக நின்று பாடுவோம். அப்படியொரு ஜோடி வெளியே வந்தால் சட்டென்று திரும்பி முதுகைக் காட்டுவோம். பாவத்தைக் கண்ணால் பார்க்கக் கூடாதாம். இது என் ஓரகத்தியின் ஏற்பாடு. குழுவுக்குத் தலைவி அவள்தான். அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுவேன், உள்ளுக்குள் உதறல்.

ஒன்றை மட்டும் நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. திரும்பினால் மூக்குக்கு நேரே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. அதன் பெரிய கண்ணாடியில் எதிரே நடப்பதெல்லாம் பளிச்சென்று தெரியும். உடுப்பு, பூங்கொத்து, முத்தம் எதையும் விடாமல் பார்த்துக்கொண்டேதான் பாடுவோம். பக்திக்கும் வேடிக்கைக்கும் ஒரே இடம் வசதியாக அமைந்துவிட்டது.

போன சனிக்கிழமை காவலுக்கு நின்ற போலீஸ்காரர், "சட்டம் எல்லாருக்கும் பொதுதானேம்மா, அவங்க பாட்டுக்குக் கட்டிக்கிட்டுப் போறாங்க" என்றார்.

"சட்டம் நேத்து வந்தது சார். கடவுள் நேத்து வந்தவர் இல்ல" என்றாள் அக்கா. எங்கள் வரிசையே நிமிர்ந்து நின்றது.

கதவு திறந்தது. இரண்டு பெண்கள் என்று யாரோ கிசுகிசுக்க, திரும்பினோம்.

கண்ணாடியில் முதலில் தெரிந்தவர் அக்காவின் கணவர். பல்வலி, டாக்டரிடம் போகிறேன் என்று காலையில் கிளம்பிய மனிதர், அத்தனை பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தார். அவர் பின்னால், இன்னொரு பெண்ணின் கையைப் பிடித்தபடி அவர்களுடைய ஒரே மகள். வெளியூரில் நர்ஸ் வேலை பார்ப்பவள். மாப்பிள்ளை பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுபவள். அக்காவின் பாட்டு பாதியில் அறுந்தது.

மகளும் எங்களைப் பார்த்துவிட்டாள். ரோட்டைக் கடந்து தனியாக வந்து அக்காவின் பின்னால் நின்றாள்.

"அம்மா, ஒரே ஒரு தடவை திரும்பும்மா. நாங்க கிளம்பணும்."

அக்கா அசையவில்லை. கண்ணாடி வழியாக இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சித்தி, நீங்களாவது சொல்லுங்க."

நான் கண்ணாடியிலேயே கண்ணை வைத்து நின்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் போய்விட்டாள். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகுதான் அக்கா திரும்பினாள். எதிரே வெறும் படிக்கட்டு. என் கையை இறுக்கிப் பிடித்தாள், வலித்தது.

"உன்கிட்டயும்தானே கேட்டா. என்னைப் பிடிச்சுத் திருப்பி விட்டிருக்கக் கூடாதாடி?"