வலது மார்பில் பதக்கங்கள்

படத்தில் இருந்த, பாக்பைப் ஊதும் பைப்பரின் பதக்கங்கள் வலது மார்பில் தொங்கின. செவ்வாய்க்கிழமை உருப்பெருக்கியோடு குனிந்தபோதுதான் கண்டேன். சிப்பாய் தன் பதக்கத்தை இடது மார்பில்தான் குத்துவான். பாக்பைப்பின் பையும் இடது கக்கத்தில் இருக்க வேண்டும். இங்கே வலதில்.

நூறு வருடங்களுக்கு முந்திய ஸ்கொட்லாந்துப் படைச் சீருடை அது. அருங்காட்சியகத்தில் ஒரு பொம்மை அணிந்திருந்தது. போன வாரம் எனக்கு முழங்கால் நோ என்று கனகசிங்கம் அண்ணைதான் போய்ப் படம் எடுத்து அனுப்பினார். சனிக்கிழமைப் போட்டிக்கு இருவரும் அதே பைப்பரை விரலளவில் களிமண்ணில் செய்துகொண்டிருந்தோம். சீருடையில் ஒரு பொத்தான் பிசகினாலும் புள்ளி போய்விடும். போன வருடம் முதற்பரிசு எனக்கு, இரண்டாவது அவருக்கு.

வேண்டுமென்றே படத்தை இடம் வலமாக மாற்றி அனுப்பியிருக்கிறார். இந்த எண்ணம் வந்த பிறகு வேறெதுவும் வரவில்லை. நூலகப் புத்தகத்தில் சரிபார்த்து, என் பைப்பரை இடம் வலம் மாற்றிச் செய்தேன்.

வியாழன் அவரே அழைத்தார்.

"என்ன ஞானம், சத்தத்தைக் காணேல்லை?"

"வேலை அண்ணை."

"படம் உனக்குக் காணும்தானே, வேற தேவையில்லையே? நானும் அதைப் பாத்துத்தான் செய்யிறன்."

"ஓம்."

என்னை நம்பவைக்கத்தான் இப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை வழக்கம்போல ஆற்றுக்கு அப்பால் புரோசார்ட்டில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போய் அவரைக் காரில் ஏற்றினேன். மூடிய பெட்டிகள் இரண்டும் பின் இருக்கையில் இருந்தன. பாலம் முடியும்வரை நான் வாய் திறக்கவில்லை. அவர் கேள்வி கேட்டுப் பார்த்து, பிறகு பாட்டுப் போட்டார்.

மண்டபத்தில் அவர் தன் பைப்பரை மேசையில் வைத்தார். வலது மார்பில் பதக்கங்கள். வலது கக்கத்தில் பை. ஆதாரமாகப் பக்கத்தில் முழுப் படத்தையும் சாய்த்து வைத்தார். அதில் பொம்மையோடு அவரும் சிரித்துக்கொண்டு நின்றார். அவருடைய தொப்பியில் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகத் திரும்பியிருந்தன.

"அண்ணை, போனின்ர முன்பக்கக் கமராவிலயா எடுத்தனீங்கள்?"

"ஓம், நானும் படத்தில விழவேணுமெல்லோ. என்ர முகம் உனக்கெதுக்கெண்டு வெட்டிப்போட்டு அனுப்பினனான்."

சிரித்தவர் என் பைப்பரைப் பார்த்தார். பிறகு தன்னுடையதை. நெடுநேரம் பார்த்தார்.

"எப்ப கண்டனீ?"

"செவ்வாய்."

"வியாழன் நான் உனக்குக் கோல் எடுத்தனான் என்ன?"

நடுவர்கள் அடுத்த மேசைக்கு வந்துவிட்டார்கள். அவர் தன் பைப்பரைப் பஞ்சில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.

"காரில கொண்டுபோய் விடுறன் அண்ணை."

"வேண்டாம். நான் மெட்ரோவில போறன்."