முத்திரை இல்லாத கூடு

தேனீக்களுக்காக நிஸிலானி குடைந்து செய்த மரக்கூட்டின் அடிவயிற்றில் கித்தோமேயின் முத்திரை கன்னங்கரேலென்று இளித்தது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராதா பின்னே? முகாவ் மரக்கட்டையை மூன்று மாதம் குடைந்து, ஊரே சிரிக்கச் சிரிக்க மரமேறித் தொங்கவிட்டவள் அவள். தேனீ குடியேறி அடையடையாகக் கட்டிய பிறகு, கணவனின் அண்ணன் கித்தோமே அவள் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, புகைப்பந்தமும் பழுக்கக் காய்ச்சிய இரும்புமாக ஏறி, தேனை வழித்துக்கொண்டு தன் முத்திரையையும் சுட்டுவிட்டான்.

கிட்டுயி வட்டாரத்தில் கூட்டைத் தொங்கவிடும் முன்பே சொந்தக்காரனின் முத்திரையைச் சுட்டுவிடுவார்கள். அதுவும் ஆண்களின் கூட்டில் மட்டும். கணவன் மொம்பாசாவில் லாரி ஓட்டுகிறான். முத்திரை சுட ஆளில்லாமல் இவள் வெறுங்கூட்டைத்தான் ஏற்றினாள். சொந்தமாக ஒரு கூடாவது இருந்தால்தான் தேன் சங்கத்தில் பெயர் சேர்ப்பார்கள். அவளிடம் இருந்தது இந்த ஒன்றுதான்.

சங்கக் கொட்டகையில் எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"மாமா, மனசாட்சியத் தொட்டுச் சொல்லுங்க. இது உங்க கூடா?"

"பின்ன உங்கப்பன் கூடா? பொம்பளைக்கு ஏது முத்திரை, புள்ள?" என்றான் கித்தோமே. கொட்டகையே சிரித்தது.

"முத்திரை யாருதோ, கூடு அவங்களுது" என்றார் செயலாளர் முசெம்பி, தலையைக்கூட நிமிர்த்தாமல்.

கித்தோமே அந்தக் கூட்டுத் தேன் வாளியை ஜம்பமாக மேசையில் வைத்தான். முசெம்பி விரலால் தொட்டு நக்கினார். முகம் அஷ்டகோணலானது.

"அடச்சீ! ஒரே புகை நாத்தம்!"

புகைத் தேன் வந்தால் அந்தக் கூட்டுக்காரனின் எந்தக் கூட்டுத் தேனும் அந்த வருஷம் எடுக்கப்படாது. போன வருஷம் மேசையைத் தட்டி அந்த விதியைக் கொண்டுவந்ததே கித்தோமேதான். அவனுக்கு நாற்பது கூடு.

"ஐயையோ! இது என் கூடே இல்லப்பா!"

"பின்ன யாருதாம்?" என்றார் முசெம்பி.

"அவளோடது!"

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க மாமா" என்றாள் நிஸிலானி. "பின்னால இருக்கிறவங்களுக்குக் கேக்கல."

"உன்னோடதுதான் தாயே! முத்திரையச் சுட்டதுதான் நான்!"

இந்தத் தடவை சிரிப்பு அவன் பக்கம் திரும்பியது. முசெம்பி தொண்டையைச் செருமினார்.

"சரி. விதின்னா விதிதான். தடை உனக்குத்தான் நிஸிலானி. இந்த வருஷம் உன் தேன எடுக்க மாட்டோம்."

மூன்று மாத உழைப்பு, வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் அவள் இடுப்புத் துணியை இழுத்துச் செருகிக்கொண்டு மேசைக்கு வந்தாள்.

"எடுக்க வேணாம். ஆனா சங்கத்துல இருக்கிறவங்களுக்குத்தானேய்யா தடை போட முடியும்? முதல்ல என் பேர எழுதுங்க. அப்புறம் தாராளமா தடை போடுங்க."

முசெம்பி அவளைப் பார்த்தார், கித்தோமேயைப் பார்த்தார். பிறகு பேனாவைத் தேடி எடுத்து, "உன் பேர எழுத்துக்கூட்டிச் சொல்லும்மா" என்றார்.