நான்காவது துளையின் ஆழம்

மாரெட் என் வாசலில் வந்து நின்றபோது அவள் ஊன்றுகோலை விட்டு மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

"ரொட்டி, ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருப்பீங்க? குவாரிக்கு வாங்க. உங்க பாதைக்குப் புது போல்ட் அடிக்கணும்."

டைனியோலென் என்ற மலைக்கிராமத்தில் நாற்பது வருஷமாக ரொட்டி வேன் ஓட்டுகிறேன். எம்ரிஸ் என்ற என் பெயரை ஊர் பாதி மறந்து, ரொட்டி என்றே கூப்பிடுகிறது. என் பாதை என்று அவள் சொன்னது, மூடிப்போன சிலேட்டுக் குவாரியில், குட்டைக்கு மேலே சாய்ந்து நிற்கும் வழுவழுப்பான ஒரு பாறையை. இருபத்திரண்டு வயதில் அதில் துளையிட்டு, விழுந்தால் தாங்கும்படி கயிறு மாட்ட இரும்பு போல்ட்டுகளை அடித்து, முதலில் ஏறியவன் நான். 'ரொட்டிக் கத்தி' என்று பெயரும் வைத்தேன். பாறை ஏறுகிறவர்கள் பையில் வைத்திருக்கும் வழிகாட்டிப் புத்தகத்தில் அந்தப் பெயருக்கு அடியில் இன்றும் என் பெயர் இருக்கிறது.

போன செப்டம்பரில் மாரெட் அதிலிருந்துதான் விழுந்தாள். அவளுடைய கனம் விழுந்ததும் நான்காவது போல்ட் பிடுங்கிக்கொண்டு வந்து குட்டையில் போய் முழுகிவிட்டது. அவள் கீழே திட்டில் மோதினாள். இடது கணுக்கால் மூன்று இடத்தில் உடைந்தது. மேடு பள்ளமெல்லாம் நடந்து தபால் கொடுத்தவளை, உள்ளே உட்கார்ந்து கடிதம் பிரிக்கும் வேலையில் போட்டுவிட்டார்கள்.

பழைய இரும்பு, துருப்பிடித்திருக்கும் என்று ஊரே சொன்னது. நானும் தலையாட்டினேன். திராட்சை ரொட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். "உங்க போல்ட்டைத் தொலைச்சிட்டேன், கோச்சுக்காதீங்க" என்று அவள்தான் சிரித்தாள். நான் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

ஞாயிறு அன்று சரிவுப் பாதையில் ஏறும்போது அவள் கொஞ்சம் விந்தித்தான் நடந்தாள். டிரில் மெஷினை நான் சுமந்தேன்.

"வேகமா நடங்க. நொண்டி நானா, நீங்களா?" என்றாள்.

பாறையின் தலைப்பில், பழைய இரும்புத் தூண் ஒன்றில் கயிற்றைக் கட்டினோம். நான் இறங்கி வேலை செய்வது, அவள் மேலே இருந்து என் கயிற்றைப் பிடிப்பது என்று ஏற்பாடு. நான் போட்ட முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

"நம்பிக்கை இல்லாம இல்ல. இப்பல்லாம் கையால தொட்டுப் பார்த்தாத்தான் மனசு அடங்குது."

இறங்கினேன். நான்காவது துளை என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. முப்பத்தாறு வருஷமாக நான் பார்க்காத துளை. விரலை விட்டேன். ஒரு கணு அளவுகூட உள்ளே போகவில்லை.

மேலேயிருந்து அவள் குரல் வந்தது. "ஓட்டை எவ்வளவு ஆழம் இருக்கு? அதையே பெருசாக்கலாமா, புதுசா போடணுமா?"

பொய் சொல்ல நல்ல வசதி. அவள் இருக்கும் இடத்திலிருந்து எதுவும் தெரியாது. சுற்றிலும் சிலேட்டுத் தூளை அடித்துத் துளையை மூடிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"ஒரு விரல் கணுகூட இல்ல" என்றேன்.

"அப்படின்னா? மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் முழு விரல் ஆழத்துக்கு அடிச்சேன்."



"பாறை உடைஞ்சிருக்கா, எம்ரிஸ்?"

அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"இல்ல. நான் தோண்டல. உளி மழுங்கிப்போச்சு. கையாலதான் அடிக்கணும் அப்போ. இங்கிலாந்துப் பசங்க ரெண்டு பேரு இதே பாறைய நோட்டம் விட்டுட்டு இருந்தாங்க. அவங்க முந்திக்குவாங்கன்னு பயம். வீட்டுக்குப் போய் போல்ட்டை ரம்பத்தால பாதியா அறுத்து எடுத்துட்டு வந்து அடிச்சேன். வெளியிலேர்ந்து பார்த்தா வித்தியாசம் தெரியாது. அடுத்த வாரம் மாத்திடலாம்னு இருந்தேன்."

"அடுத்த வாரம்" என்றாள்.

கயிறு இறுக்கமாகவே இருந்தது. அவள் கை தளரவில்லை. அது தளர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்குமோ என்னவோ.

"சரி, தோண்டுங்க" என்றாள் கடைசியில். "ஒவ்வொண்ணுக்கும் ஆழத்தைச் சத்தமா சொல்லுங்க."

ஏழு துளை போட்டேன். ஏழுக்கும் அளவு சொன்னேன். மேலே ஏறி வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைச் சுருட்டினாள்.

"எட்டு மாசமா என் தப்புன்னே நெனச்சிட்டிருந்தேன். நாப்பது வயசாச்சு, உடம்பு கனத்துப்போச்சு, இனிமே உனக்கு எதுக்குடி இதெல்லாம்னு அம்மா கேட்டாங்க. சரிதான்னு ஏறுற ஷூவைக்கூட ஒருத்திக்குக் குடுத்துட்டேன். நீங்க வந்து ரொட்டி குடுத்துட்டுப் போனீங்க."

"மன்னிச்சிடு மாரெட்."

"அத என்கிட்ட மட்டும் சொன்னா பத்தாது. சனிக்கிழமை கஃபேல எல்லாரும் இருப்பாங்க. அங்க வந்து சொல்லுங்க. இது மாதிரி வேற எங்க அடிச்சிருக்கீங்க?"

"இன்னும் ரெண்டு பாதையில சந்தேகம் இருக்கு."

"அதையும் சேர்த்துச் சொல்லுங்க."

சனிக்கிழமை போனேன். பாறை ஏறுகிறவர்கள் ஒரு பதினைந்து பேர், தேநீரும் முட்டையும் வறுத்த ரொட்டியுமாக இருந்தார்கள். எழுந்து நின்று சொன்னேன். "அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான்யா அடிச்சோம்" என்றான் என் வயதுக்காரன் ஒருவன். அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். "இல்ல, எல்லாரும் அப்படிச் செய்யல" என்றேன். அந்த இரண்டு பாதைகளிலும் ஏற வேண்டாம் என்று கஃபே பலகையில் நானே சாக்கட்டியால் எழுதினேன். கீழே என் பெயரையும் போட்டேன்.

மாரெட் இப்போது என் வேனில் ரொட்டி வாங்குவதில்லை. கடைக்குப் போய் வாங்கிக்கொள்கிறாள். ஆனால் நான் அந்தக் காலத்தில் அடித்த முப்பத்தொரு போல்ட்டையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கிறேன் என்று தெரிந்ததும், மழையில்லாத ஞாயிறுகளில் வந்துவிடுகிறாள். கயிற்றைப் பிடிக்கிறாள். ஆழம் கேட்கிறாள். வேறெதுவும் பேசுவதில்லை.

போன வாரம் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "என் மேல கோவம் போகல. அப்புறம் ஏன் வர்ற?"

"உங்களுக்காக வரல. இன்னும் பத்தொம்போது பாக்கி இருக்கு" என்றாள். "இறங்குங்க."