மதியக் கசிவு

கீழ்வீட்டு டியூஷன் டீச்சர் மறுபடியும் மேலே ஏறி வந்தார். அவர் பாடம் நடத்தும் அறையின் மேற்கூரையில், விளக்கைச் சுற்றி, ஈரம் தட்டகலத்துக்குப் படர்ந்திருந்தது. கோடை லீவில் மதியமும் பிள்ளைகள் உட்கார்ந்து கணக்குப் போடும் இடத்துக்கு நேர் மேலே. உங்கள் வாஷிங் மெஷின்தான் ஒழுகுகிறது, இன்னொரு தடவை சொட்டினால் ஹவுஸ் ஓனருக்கு போன் போட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போனார்.

மேல்வீட்டு லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. மாமனார் வந்து தங்கியபோதே முகம் கோணியவர் ஓனர். வீட்டைக் காலி செய்யச் சொல்ல அவருக்கு ஒரு சாக்குப் போதும்.

மாமனார் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபின் மகள் வீட்டோடு வந்துவிட்டார். எதிரே நிற்பவரை ஏற இறங்கப் பார்க்கும் பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. மருமகனின் வீட்டில் தங்குவது அவருக்குச் சங்கடம். மாப்பிள்ளையிடம் நேராகப் பேசமாட்டார். காபியில் சர்க்கரை குறைவு என்பதுகூட மகள் வழியாகத்தான் வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் மெஷினை விட்டு நகரவில்லை. அடியில் பழைய செய்தித்தாள்களை விரித்தான். எங்கே சொட்டினாலும் காகிதம் காட்டிக் கொடுத்துவிடும். குழாயிலிருந்து தண்ணீர் வரும் இணைப்பைத் துணியால் துடைத்து விரலால் தடவிப் பார்த்தான். காய்ந்திருந்தது. கதவின் ரப்பர் வளையத்தை மடிப்பு மடிப்பாக விரித்துக் கிழிசல் தேடினான். ஒரு சட்டைப் பொத்தான்தான் கிடைத்தது. சோப்புத்தூள் போடும் தட்டு, கீழே இருக்கும் வடிகட்டி, எல்லாவற்றையும் கழற்றி மாட்டினான். துணி போட்டு முழுதாக ஓடவிட்டான். செய்தித்தாளில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. வெந்நீரில் இன்னொரு தடவை ஓட்டினான். அப்போதும் இல்லை.

மெஷினை முன்னால் இழுத்தபோதுதான் தரையைக் கவனித்தான். அவன் இழுத்த தூரத்தையும் தாண்டி, மெஷினின் கால்கள் இழுபட்ட கீறல்கள் டைல்ஸில் புதிதாக இருந்தன. அழுக்குத் தண்ணீரை வெளியேற்றும் குழாயின் முனை, சுவரிலிருந்த துவாரத்தில் சும்மா செருகப்பட்டிருந்தது. அதைப் பிடித்திருந்த கிளிப் உடைந்து கிடந்தது.

அவன் குந்தியபடியே யோசித்தான். இவ்வளவு தூரம் நகர்ந்த மெஷின் தானாகப் பழைய இடத்துக்குத் திரும்பி வராது. யாரோ தள்ளி வைத்திருக்கிறார்கள்.

"நாம தோய்க்கும்போது இது ஆடவே இல்ல. டீச்சர் வீட்ல சொட்டுறது எப்பவும் மதியம்தான். அப்ப நம்ம ரெண்டு பேரும் வேலையில" என்றான் மனைவியிடம், குரலைத் தணித்து.

கண் ஆஸ்பத்திரியில் வாரம் முழுக்க நோயாளிகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்திருந்த அவளுக்கு, அவன் எங்கே வருகிறான் என்பது உடனே புரிந்துவிட்டது.

"எங்கப்பாவைச் சொல்றீங்களா?"

குடித்த டம்ளரைக் கழுவக்கூடத் தெரியாத மனுஷர் மெஷின் போடுவாரா, அவர் இங்கே இருப்பது பிடிக்கவில்லையென்றால் நேராகச் சொல்லிவிடுங்கள் என்று அவள் பொரிந்து தள்ளினாள். உள்ளறையில் ரேடியோ சட்டென்று நின்றது. அன்று முழுக்க வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. புதுக் கிளிப் வாங்க வேண்டும் என்று நினைத்தவன், அந்த மனத்தாங்கலில் மறந்தே போனான்.

மறுநாள் மதியம் பக்கத்துத் தெருவில் ஒரு லிஃப்டின் கதவைச் சரி செய்துகொண்டிருந்தபோது டீச்சரின் போன் வந்தது. தண்ணீர் கொட்டுகிறது, விளக்கு மினுக் மினுக்கென்று அணைந்து எரிகிறது, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டேன் என்றார். விளக்கைத் தொடாதீர்கள், உங்கள் மெயினை அணைத்துவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டே அவன் ஓடினான். வழியெல்லாம் மாமனாருக்கு போன் அடித்தான். எடுக்கவில்லை.

மாடிப்படியிலேயே சத்தம் கேட்டது. யாரோ இரும்புப் பெட்டியைத் தூக்கித் தூக்கித் தரையில் போடுவது போலிருந்தது. சாவியைத் துவாரத்தில் செருகினான்.

கதவைத் திறந்தான். நடைவழியெங்கும் தண்ணீர். சமையலறைக்குப் பின்னால் மெஷின் குதித்துக் குதித்துச் சுவரை விட்டு முன்னால் வந்துகொண்டிருந்தது. பின்னால் பிடுங்கிக்கொண்ட குழாய் சுவரில் தண்ணீரைப் பீய்ச்சியது. அந்தத் தண்ணீரில் வெறுங்காலோடு நின்றுகொண்டு, ஒரு கையால் மெஷினை அழுத்தியபடி, மறு கையை நனைந்து வழியும் பிளக்கை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தார் மாமனார்.

"மாமா, தொடாதீங்க. கையை எடுங்க."

அவர் கை அந்தரத்தில் நின்றது. அவன் வாசலோரம் இருந்த மெயின் சுவிட்சைத் தட்டினான். சத்தம் இறங்கி இறங்கி அடங்கியது. தண்ணீர் சொட்டும் ஓசை மட்டும் மிஞ்சியது.

மாமனார் திரும்பவில்லை. மெஷினின் கண்ணாடிக் கதவுக்குள் ஒரு படுக்கை விரிப்பும், சாம்பல் நிற ரப்பர் ஷீட் ஒன்றும் சுருண்டு கிடந்தன. அந்த ரப்பர் ஷீட்டை அவன் அந்த வீட்டில் பார்த்ததே இல்லை. பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது.

"அவகிட்ட சொல்லிடாதீங்க மாப்பிள்ளை" என்றார் அவர், சுவரைப் பார்த்தபடி.

அவன் சரியென்றான். அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் துண்டு கொடுத்தான். தண்ணீரை வழித்தெடுத்துக்கொண்டே, யாரோ வாடிக்கையாளருக்குச் சொல்வது போல விளக்கினான்: ரப்பர் தண்ணீரை வடியவிடாது, பை மாதிரி பிடித்துவைத்துக்கொள்ளும், மெஷின் வேகமாகச் சுற்றிப் பிழியும்போது பாரமெல்லாம் ஒரே பக்கம் சேரும், அப்போதுதான் அது குதிக்கிறது, குழாய் பிடுங்கிக்கொள்கிறது. விரிப்பை மட்டும் போடலாம், ரப்பரை ஈரத்துணியால் துடைத்தாலே போதும். அவர் தலையை ஆட்டினார். பிறகு அவன் புதுக் கிளிப் வாங்கி வந்து குழாயைச் சுவரோடு இறுக்கினான். சாய்வு காட்டும் ரசமட்டம் வைத்துக் கால்களைத் திருகி, நான்கும் தரையில் பதியும்படி செய்தான். பிளக்கைக் கழற்றி ஈரம் போக உலர்த்தி மாட்டினான்.

மாலையில் ஓனரே வந்துவிட்டார். பின்னால் டீச்சர். வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பிய மனைவி, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள். மாமனாரின் அறைக் கதவு சாத்தியிருந்தது.

நான்தான் அளவுக்கு மீறித் துணி திணித்துவிட்டேன், கிளிப்பும் உடைந்திருந்தது, இனி நடக்காது என்று மெக்கானிக் ஒப்பித்தான்.

"நீங்களா? நான் போன் பண்ணப்புறம்தானே தம்பி நீங்க படியேறி ஓடி வந்தீங்க. நான் வாசல்லதான் நின்னேன்" என்றார் டீச்சர்.

காலையில் போட்டுவிட்டுப் போனேன் என்று இழுத்தான். காலையில் போட்டது மதியம் வரை ஓடுமா என்று ஓனர் கேட்டார். யார் வீட்டில் இருந்தது, யார் ஓட்டியது, இன்று விளக்கோடு போயிற்று, நாளைக்கு யாராவது செத்தால் யார் பொறுப்பு என்று அடுக்கிக்கொண்டே போனார். மனைவி புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மறுபடி வாயைத் திறந்தபோது உள்ளறைக் கதவு திறந்தது.

மாமனார் சட்டை மாற்றித் தலை வாரியிருந்தார்.

"மாப்பிள்ளை பொய் சொல்றார். மெஷினை ஓட்டினது நான்" என்றார் ஓனரிடம். பிறகு மகள் பக்கம் திரும்பாமலே, "கொஞ்ச நாளா தூக்கத்துல படுக்கை நனைஞ்சிடுது. நீ பார்த்துடக் கூடாதுன்னு, நீங்க போனப்புறம் தோய்ச்சுக் காயவெச்சேன்" என்றார்.

டீச்சர் தரையைப் பார்த்தார். ஓனர் தொண்டையைச் செருமினார். கூரைக்கு வெள்ளையடிப்பதையும் விளக்கு வயரையும் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார், மெஷின் சரியாகிவிட்டதுதானே என்று கேட்டார், பதில் முழுதாக வருவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டார். டீச்சர் மட்டும் வாசலில் ஒரு கணம் தயங்கினார். பிறகு அவரும் போய்விட்டார்.

மனைவி அழுவாள் என்று மெக்கானிக் நினைத்தான். அவள் கத்தினாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை, நான் என்ன வேற்று ஆளா, அந்தத் தண்ணீரில் கரண்ட் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்பாவைக் கேட்டாள். பிறகு, ஏன் மறைக்கப் பார்த்தீங்க என்று புருஷனைக் கேட்டாள். இருவரும் அடிவாங்கின பிள்ளைகள் போலத் தலைகுனிந்து நின்றார்கள்.

டாக்டரிடம் போகவேண்டும் என்ற பேச்சு எழுந்தது. மாமனார் வெகுநேரம் ஒத்துக்கொள்ளவில்லை. மகளோடு போய் அதையெல்லாம் சொல்லமுடியாது என்றார். கடைசியில் மருமகனை நேராகப் பார்த்தார்.

"நீங்க வர்றதா இருந்தா வர்றேன்."

அடுத்த வாரம் இருவரும் போனார்கள். டாக்டரின் அறைக்குள் அவர் மட்டும் நுழைந்தார். திரும்பி வந்து, வயசானவங்களுக்கு வர்றதுதானாம், மருந்து இருக்குதாம் என்றார். நடந்தே வீட்டுக்குத் திரும்பினார்கள். பாதி வழியில், லிஃப்டின் கம்பி அறுந்தால் உள்ளே இருப்பவர் கதி என்ன என்று மாமனார் கேட்டார். ஒன்றும் ஆகாது, அதைப் பிடித்து நிறுத்த வேறு ஏற்பாடு இருக்கிறது என்று மருமகன் சொல்ல ஆரம்பித்தான். அவர் நம்பவில்லை. குறுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டே கூட நடந்தார்.