ஏழு நாள் சாப்பாடு

எங்கள் தெருவில் யாரைப் பார்த்து "சாப்டியா?" என்று கேட்டாலும் "ஆச்சு" என்றுதான் பதில் வரும். அடுப்பே பற்ற வைக்காத வீட்டிலும் அதே பதில்தான். திண்டுக்கல் பேகம்பூரில் நடக்கப் பழகும் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த இந்த விஷயம், சென்னையிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரர்களுக்கு மட்டும் தெரியவில்லை.

கையில் சத்தான பொருளைக் கொடுத்தால் ஏழைகளின் சாப்பாடு மாறுகிறதா என்று அவர்கள் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அதற்காக எங்கள் பக்கத்தில் சில வீடுகளுக்கு மாதம் ஒரு பை கொடுத்தார்கள். பருப்பு, முட்டை, கடலை எண்ணெய், சுண்டல். எங்கள் வீட்டுக்கும் அது கிடைத்தது. நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். அந்தச் சம்பளம் வாடகைக்கும் அத்தாவின் மருந்துக்குமே சரியாகப் போகும்.

என்னைப் பெற்ற அத்தா, நைனா முகமது, தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றே பாதி ஆயுளைக் கழித்தவர். நெஞ்சு கெட்டுப் படுத்துவிட்டார். "மருந்து வேலை செய்யணும்னா உடம்புல கொஞ்சமாவது சத்து வேணும்மா. முட்டையும் பருப்பும் தினம் குடுங்க" என்றார் டாக்டர். பை வந்த பிறகு அம்மா அதிலிருந்த முட்டையை எனக்கும் தரவில்லை, தானும் தொடவில்லை. எல்லாம் அத்தாவுக்குத்தான். மெல்ல மெல்ல அவர் எழுந்து உட்கார்ந்தார். ஒரு வெள்ளிக்கிழமை யார் கையையும் பிடிக்காமல் பள்ளிவாசலுக்கு நடந்து போய்விட்டு வந்தார். அன்றைக்கு அம்மா அழுதது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அப்போதுதான் கணக்கெடுப்பு வந்தது. ஆராய்ச்சி மேற்பார்வையாளர் ஆனந்த்ராஜ் எங்களை மதரஸா ஹாலில் உட்கார வைத்துப் பேசினார். போன ஏழு நாளில் என்ன சாப்பிட்டோம் என்று வீடு வீடாக வந்து கேட்பார்களாம். சாப்பாடு குறைவாக இருக்கிற வீட்டுக்குப் பை தொடருமாம், நன்றாகச் சாப்பிடுகிற வீட்டுக்கு நின்றுவிடுமாம்.

"வெளியூர்க்காரங்க வந்து கேட்டா நீங்க கூச்சப்படுவீங்க. அதனால உங்க ஏரியாப் பொண்ணுங்களையே வேலைக்கு எடுத்திருக்கோம். மனசு விட்டு உண்மையச் சொல்லுங்க" என்றார்.

படித்தவர், நல்லவர், பாவம். எங்கள் வீட்டுக்கு அவர் அனுப்பியது ஃபர்ஹீன் அக்காவை.

ஃபர்ஹீன் அக்காவின் தம்பி நாசருக்குத்தான் என்னைப் பேசி வைத்திருந்தார்கள். நாசருக்கு ஒரு பிரியாணிக் கடையில் கல்லா வேலை. கைக்கூலி, அதாவது வரதட்சணை, வேண்டாம் என்று அவரே வாய் திறந்து சொன்னவர். வீட்டில் சொல்லாமல் நானும் அவரும் ரெண்டு முறை போனில் பேசியிருந்தோம். அந்த ரெண்டு முறைக்கே நான் மனத்துக்குள் குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

வாசலில் கணக்கெழுதும் டேப்லெட்டோடு அக்கா நிற்பதைப் பார்த்ததும் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பின்வாசல் வழியாக என்னைப் பக்கத்துச் சைதூன் மாமி வீட்டுக்கு விரட்டி, டீக்குப் பால் வாங்கிவரச் சொன்னாள். நான் திரும்பி வந்து திரைக்குப் பின்னால் நின்றபோது கேள்விகள் ஓடிக்கொண்டிருந்தன.

"போன ஏழு நாள்ல எத்தனை நாள் கறி சாப்ட்டீங்க மாமி?"

"வெள்ளிக்கிழமைன்னா கறி இல்லாம இவருக்குச் சோறு எறங்காதும்மா. நடுவுல இன்னொரு நாளும் எடுப்போம்."

"மீனு?"

"புதன்கிழமை அயிரை மீனு. ருக்ஸாருக்கு அதுன்னா உசுரு" என்று என்னையும் இழுத்தாள்.

எங்கள் வீட்டுக்குக் கடைசியாகக் கறி வந்தது பக்ரீதுக்கு, யாரோ கொடுத்த குர்பானிப் பங்கு. அக்கா கணக்கெடுக்க வந்த அன்று காலையில் நானும் அம்மாவும் தின்றது பழைய சோறும் ஊறுகாயும். அம்மா நிறுத்தவில்லை. பால், பழம், நெய் என்று அளந்து விட்டாள். இருமல் சத்தம் வெளியே கேட்காமலிருக்க அத்தா உள்ளறையில் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டிருந்தார்.

அக்கா போன பிறகு நான் சண்டைக்குப் போனேன். "பை நின்னு போகும்மா. அத்தாவுக்கு என்ன செய்வ?"

"பை போனா வேற வழி பாப்போம். சோத்துக்குத் தொட்டுக்க வெஞ்சனத்துக்கு வழியில்லாத வீட்டுல பொண்ணு எடுக்குறோம்னு அவங்க நெனச்சா, அத்தோட போச்சு உன் வாழ்க்கை. வாயை மூடு."

அடுத்த மாதமே பை நின்றது. அம்மா இரவல் வாங்கிய முட்டைகளோடு கொஞ்ச நாள் சமாளித்தாள். அப்புறம் இரவல் கொடுத்தவர்கள் வீட்டு வழியாகப் போவதையே விட்டாள். அத்தா மறுபடி சுவரைப் பிடித்து நடந்தார், பிறகு படுக்கையோடு ஆனார். முட்டை எங்கே என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை வீட்டுச் சேதியோடு சைதூன் மாமி அம்மாவிடம் வந்தாள்.

"வாரத்துல ரெண்டு நாளு கறி எடுக்குற வீடு, இன்னும் கொஞ்சம் நகை போட்டா கொறஞ்சா போயிருவாங்கன்னு நாசரோட அம்மா கேக்குறாங்க குர்ஷித்து. நான் என்னன்னு சொல்ல?"

நான் ஆத்திரத்தில் கடைக்குப் போகாமல் நேராக ஃபர்ஹீன் அக்கா வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே உள்ளதைக் கொட்டினேன். கறியும் பொய், மீனும் பொய், அந்த டீக்கு ஊற்றிய பால்கூட எங்களுடையது இல்லை என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"தெரியும்டி. நீ டம்ளரத் தூக்கிட்டு பின்பக்கமா ஓடுனதப் பாத்தேன்."

"தெரிஞ்சுமா எழுதுனீங்க?"

"பின்ன என்னன்னு எழுதுவேன்? என் தம்பி கட்டிக்கப்போற புள்ள வீடு பட்டினி கெடக்குதுன்னா? மாமி சொன்னது பத்தாதுன்னு தினம் ஒரு முட்டைய நானே சேத்துப் போட்டேன். எங்கம்மா இந்தச் சம்பந்தம் வேணாம்னு மொனகிக்கிட்டே இருந்துச்சு. அது வாயை அடைக்கத்தான், நல்லா சாப்புடுற குடும்பம்னு போய்ச் சொன்னேன். அது இப்படித் திரும்பும்னு சத்தியமா நெனைக்கலடி."

அவள் அழுதாள். அவளை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் போயிருந்தேன். அவள் கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பினேன். எழுதியதைத் திருத்தச் சொல்லி அவளே ஆனந்த்ராஜிடம் பேசிப் பார்த்தாள். அனுப்பியது அனுப்பியதுதான், அடுத்த சுற்றில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். நகைக்கு எங்களிடம் வழியில்லை. சம்பந்தம் முறிந்தது. நாசர் ஒரு முறை போன் செய்தார். தன் அம்மாவை எதிர்த்து எதுவும் செய்ய முடியவில்லை என்றார். நான் சரி என்று வைத்துவிட்டேன்.

ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை சுபுஹ் தொழுகை நேரத்தில் அத்தா மவுத்தானார். முட்டை இல்லாததால்தான் போனார் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் முட்டை இருந்தவரைக்கும் அவர் நடந்தார். எனக்கு அது போதும், சாகிற வரைக்கும் நினைத்து நினைத்து வேகிறதற்கு.

மவுத்து வீட்டில் அடுப்பு பற்ற வைக்கக் கூடாது என்பதால் சொந்தக்காரர்கள் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். கறிக்குழம்பு, நெய்ச்சோறு, தாளிச்சா. துக்கம் கேட்க வந்தவர்கள் ஆப்பிளும் வாழைப்பழமும் வைத்துவிட்டுப் போனார்கள். வேண்டாம் என்றாலும் விடாமல் தட்டில் போட்டார்கள். பசித்த உடம்பு, தின்றோம்.

அந்த வாரம் முடிவதற்குள் அடுத்த சுற்று வந்தது. இந்த முறை முகேஷ்குமார் என்ற வெளியூர்ப் பையன். அம்மா, புருஷன் போனவள் இருக்க வேண்டிய இத்தாவில் இருந்ததால் வெளி ஆண்கள் முன்னால் வரக் கூடாது. நான்தான் வாசலில் நின்று பதில் சொன்னேன்.

"வீட்ல எத்தனை பேருக்கா?"

"ரெண்டு பேரு."

"போன ஏழு நாள்ல கறி எத்தனை நாள் சாப்ட்டீங்க?"

இல்லவே இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திரைக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"உள்ளதச் சொல்லு ருக்ஸார். அவங்க கொண்டாந்து போட்டதத் தின்னுட்டு இல்லன்னு சொல்லாத."

"நாலு நாள்" என்றேன்.

பழம், நெய், முட்டை என்று அவன் கேட்கக் கேட்க உள்ளதையே சொன்னேன். பிறகு, "இது மவுத்து வீடு தம்பி. எங்க அத்தா போயிட்டாரு. இதெல்லாம் சொந்தக்காரங்க குடுத்தது" என்றேன்.

அவனுக்கு முகம் மாறிவிட்டது. டேப்லெட் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். "இனாமா வந்ததுன்னு போடுறேன்க்கா. ஆனா சாப்ட்டது கணக்குல வந்துரும். அத என்னால எடுக்க முடியாது" என்றான். அழுத்தினான். பச்சை நிறத்தில் ஏதோ ஒளிர்ந்தது. உங்கள் வீட்டுக்குப் பை வராது என்று அவன் சொல்லாமலே எனக்குப் புரிந்தது.

"அந்தத் தம்பி சாப்ட்டாரான்னு கேளு" என்றாள் அம்மா உள்ளேயிருந்து. "கறி மிச்சமிருக்கு."

கேட்டேன்.

"ஆச்சுக்கா" என்றான் அவன். காலையிலிருந்து ஒன்றும் தின்னாத முகம் அது, எனக்குத் தெரியாதா. உள்ளே போய்த் தட்டை எடுத்தேன். கறியை அள்ளி வைக்கக் கை வரவில்லை. ஒரு துண்டு, ஒரே ஒரு துண்டு, அத்தா இருக்கும்போது வந்திருக்கக் கூடாதா என்று அடுப்படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.